பிரசாவுரிமையும் இல்லறமும்

கணவன் ஒரு நாட்டின் பிரசையானால் மனைவியும் தானாகவே பிரசையாவாள் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

ஹுன்னஸ்கிரிய முதலிய கண்டிப் பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் மணமானவர் 7 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வசித்திருத்தல் வேண்டும் என விதித்தது. அச்சட்டம் முதலில் இயற்றப்பட்டவாறு, மணமாகி ஓராண்டு நிறையுமுன் மனைவியும் இங்கு வந்து தொடர்ந்து வசித்திருத்தல் வேண்டும். ஆகவே, மாமியாருக்குத் துணையாக அவள் தமிழகத்துக் கிராமத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பின், இங்கு உழைத்த கணவனின் மனுவே தள்ளப்படக் கூடியதாயிற்று.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கியது. எஞ்சியோரைப் பின்னர் தீர்க்க ஒதுக்கியது. கணவன் இலங்கைப் பிரசையாயினும், இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற மனைவி அவனோடு வாழ விசாப் பெறல் வேண்டியவளே.

இதற்குப் பரிகாரம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, பிரசையொருவரின் வாழ்க்கைத் துணை, மனுவுக்கு முந்திய ஓராண்டு இங்கு வசித்திருப்பின், பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமோ, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் வழி திறந்தது.

ஆதலின், விவாகப் பதிவுப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் ஒவ்வொருவரும் தத்தம் பெயரிற் பேணுதல் கடனாம். தாலி உறவைத் தரும். உரிமையைத் தருவது பத்திரமே.