கடல் ஏஞ்சல் மீன்: ஆசைப்படும் முன் தொட்டியை அளந்து பாருங்கள்

ஒரு காலத்தில் அடையாற்றங்கரையில் வயல்கள் சூழ்ந்த கிராமமாக இருந்த பொழிச்சலூர், இன்று தாம்பரம் சுற்றுவட்டாரத்தின் மாடி வீட்டு ஊர்களில் ஒன்று. தோட்டத்துக்கு இடமில்லாத வீடுகளில் மீன்தொட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. தங்கமீன், கப்பி வளர்த்துப் பழகியவர்களின் அடுத்த ஆசை கடல்மீன். கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு நீந்தும் மூன்று அங்குலக் குஞ்சைக் கடையில் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். அதுதான் எம்பரர் ஏஞ்சல். வளர்ந்தால் ஒன்றேகால் அடி. வளையங்கள் மறைந்து, மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் வந்துவிடும். வாங்குவது குஞ்சை, வளர்க்கப்போவது பெரிய மீனை. இதை மறந்தால் பணமும் போகும், ஓர் உயிரும் போகும்.

கொளத்தூர் சந்தையில் சாதாரணமாக விற்கும் ஏஞ்சல், அமேசான் ஆற்றிலிருந்து வந்த நன்னீர் மீன். கடல் ஏஞ்சல் வேறு இனம். செவுள் மூடியின் கீழே முள் இருப்பது அதன் அடையாளம்.

எந்த ரகம்?

எம்பரர், புளூரிங், செமிசர்க்கிள் ஆகிய மூன்றும் மன்னார் வளைகுடா, இலங்கைக் கடல்களில் இயற்கையாகவே வாழ்பவை. மூன்றுமே 40 சென்டிமீட்டர் வரை வளரும். புளூரிங் அதையும் தாண்டும். குஞ்சில் மூன்றும் நீலமும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். அதனால் பெயரைக் கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரு பெரிய ஏஞ்சல் போதும். ஒரே இனத்தில் இரண்டை விட்டால் சண்டை போட்டே மடியும்.

தொட்டியும் தண்ணீரும்

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி தேவை. இதில் தண்ணீர் மட்டுமே சுமார் 700 கிலோ எடை. மாடியில் வைப்பதானால் முதலில் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

மண் ஆய்வு அறிக்கையில் மின்கடத்தும் திறன் 4-ஐத் தாண்டினால் உவர் நிலம். கடல்நீரிலோ அது சுமார் 50. இந்த உப்பைச் சமையல் உப்பால் ஈடுகட்ட முடியாது. மக்னீசியம், கால்சியம் கலந்த கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும்.

தொட்டி வைத்த அன்றே மீனை விடக்கூடாது. வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறுவது போலவே தொட்டிக் கழிவும் நுண்ணுயிர்களால் மாறுகிறது. அந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆன பிறகே மீன்.

கடையில் பார்க்க வேண்டியவை

• கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.
• வயிறு ஒட்டியிருக்கக் கூடாது. மூச்சு வேகமாக வாங்கக் கூடாது. கண் தெளிவாக, உடலில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும்.
• 4 அங்குல அளவு நல்லது. மிகச் சிறியது தாங்காது. முழுதாக வளர்ந்தது புதுத் தீனிக்குப் பழகாது.
• வாங்கியதை 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள்.

கடலில் இது கடற்பஞ்சையும் பாசியையும் கொறித்து வாழ்வது. வீட்டில் நறுக்கிய இறால், கணவாய், கடற்பாசி ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு இரண்டு, மூன்று முறை கொடுக்கலாம். மின்தடைக்கு பேட்டரி காற்று பம்பு அவசியம்.

அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டு வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் எடுப்பதும் விற்பதும் குற்றம். நன்னீர்த் தொட்டியின் பழைய தண்ணீர் செடிகளுக்கு உரம். கடல் தொட்டித் தண்ணீர் தென்னையைக்கூட வாட்டிவிடும். தோட்டத்திலும் கிணற்றருகிலும் கொட்ட வேண்டாம்.

வருமானத்துக்கு ஆகுமா?

ஆகாது. பெரிய ஏஞ்சல்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்படுபவை. வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்பது எளிதல்ல. கடல்மீன்தான் வேண்டும் என்பவர்கள் கோமாளி மீனில் தொடங்கலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதன் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கியிருக்கிறது. விரல் நீளமே வளரும் அந்த மீனுக்குச் சிறு தொட்டி போதும். 6 அடித் தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்றால், ஏஞ்சலைக் கடலிலேயே விட்டுவிடுவதுதான் நல்லது.