குடம்புளி மாத்திரை கொழுப்பைக் கரைக்குமா?

போன மாசம் எதிர்வீட்டு ஆச்சி ஒரு டப்பாவோட வந்தாங்க. சென்னையில இருக்கிற மகள் அனுப்பினதாம், விலை 1,800 ரூபாய். "இதைப் போட்டா எடை குறையுமாம். படிச்சுச் சொல்லுப்பா" என்றார்கள். லேபிளில் முதல் பெயர் 'கார்சீனியா கம்போஜியா'. நம்ம குடம்புளிதான். (கொடுக்காப்புளி இல்லை, அது வேறு.) "மலையாளத்துக்காரங்க மீன் குழம்புல போடுவாங்களே, அதுவா?" என்று ஆச்சிக்கு ஒரே சிரிப்பு.

சரி, இது வேலை செய்யுமா?

கதை நம்ம பக்கத்து மாநிலத்தில்தான் தொடங்குது. 1965இல் மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வகத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும் குடம்புளியின் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று கண்டுபிடிச்சாங்க. உடம்பில் மிஞ்சுற மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதி உண்டு. இந்த அமிலம் அதைத் தடுக்கும் என்று 1969இல் அமெரிக்காவில் தெரிய வந்தது. எலிகளுக்குக் கொடுத்தார்கள், பலன் தெரிந்தது. மாத்திரை வியாபாரத்துக்கு இதுதான் அஸ்திவாரம்.

ஆனா மனுஷ உடம்பில் சேரும் கொழுப்பில் பெரும்பகுதி சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்தே நேராக வருது. மாவுச்சத்திலிருந்து புதுசா உருவாகிற பங்கு பொதுவாகச் சின்னது. சின்ன வாசலை அடைச்சு என்ன பிரயோஜனம்?

1998இல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஒரு சோதனை முடிவு வந்தது. 135 பேர், 12 வாரம். ஒரு பாதிக்கு தினமும் 1,500 மில்லிகிராம் குடம்புளி அமிலம், மறுபாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். ஆனா மாத்திரையால் கூடுதல் பலன் இல்லை என்பது தெளிவு.

இங்கேதான் சூட்சுமம். இரண்டு கூட்டமும் இளைத்தது, காரணம் பத்தியம். "நான் சாப்பிட்டு இளைச்சேன்" என்று சொல்பவர் பொய் சொல்லலை. 1,800 ரூபாய் கொடுத்து வாங்கியவர் கூடவே ராத்திரிப் பலகாரத்தையும் நிறுத்தியிருப்பார், காலையில் நடந்திருப்பார். பேர் மட்டும் மாத்திரைக்குப் போயிடுது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் மாத்திரைக் கூட்டம் இல்லாத எந்தச் சாட்சியத்தையும் நம்பாதீங்க.

"பலன் இல்லாட்டி போகுது, கெடுதல் இல்லையே" என்பீர்கள். இருக்கு. குடம்புளி மாத்திரை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கு. இன்னொன்று: சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்தை, இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவிலும் தடை. அதன் பிறகும் 'முழுக்க மூலிகை' என்று விற்ற டப்பாக்களில் அமெரிக்க மருந்துத் துறை அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சிருக்கு. மூலிகை மாத்திரை சாப்பிட்டதும் பசி சட்டென்று அடங்கினால் சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

டப்பாவில் உள்ள 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், உரிமம் இருக்கு என்பதைத்தான் சொல்லும். இளைப்பீர்கள் என்று யாரும் சோதிச்சுக் கொடுத்த சான்றிதழ் இல்லை அது.

எடை குறைக்க நிஜமாகவே வேலை செய்கிற மருந்துகளும் உண்டு. அதெல்லாம் டாக்டர் பார்த்து எழுதித் தரணும்.

ஆச்சி சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க. அதனால முதலில் சொன்னது: டாக்டர்கிட்ட காட்டாம ஒண்ணுகூடப் போடாதீங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப அந்த வெறும் மாத்திரை எங்க கிடைக்கும்? அதுலதானே ஜாஸ்தி இளைச்சிருக்காங்க!" என்றார்கள். "அது கிடைக்காது ஆச்சி, பத்தியம்தான் கிடைக்கும்" என்றேன். டப்பா இப்போ என் மேசையில் இருக்கு, சீல் உடைக்காமல்.