தேங்கிய கோலியும் விலை போகும்

மேல்நாடுகளில் பழைய பவுலிங் பந்தின் மேல் கண்ணாடிக் கோலிகளைப் பதித்துத் தோட்டத்தில் அழகுக்கு வைக்கிறார்கள். தென்காசியில் அந்தப் பந்துக்கு எங்கே போவது? விற்காமல் ஒதுக்கிய விரிசல் மண்பானையைக் கவிழ்த்தால் போதும். டப்பாவில் தேங்கிய கோலிச் சரக்கும் நகரும்.

ஒட்டுவதில்தான் சூட்சுமம். கோலி உருண்டை, பானையை ஒரு புள்ளியில்தான் தொடும். மரவேலைக்கான வெள்ளைப் பசை குற்றாலச் சாரலில் இளகிவிடும். பானையை நன்றாக நனைத்து (காய்ந்த மண் சிமெண்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும்), வெள்ளை சிமெண்டைக் கனமாகப் பூசி, கோலியைப் பாதிக்கு மேல் அமுக்குங்கள். இறுகுமுன் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். பிறகு சில நாள் நிழலில் வைத்து நீர் தெளிக்க வேண்டும்.

சண்டிகரில் 1976இல் திறக்கப்பட்ட நேக் சந்தின் பாறைத் தோட்டத்தில் உடைந்த வளையல்களே சிலைகளாயின. சீசனுக்கு முன் ஒரு பானையைக் கடைவாசலில் வையுங்கள். விலை கேட்கிறார்களா பார்ப்போம்.