எந்தத் தெருவில் பேசலாம்?

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் பாலம் தாண்டிக் கிண்ணியாவிலும் நான் வீடு வீடாகப் போய்ச் செய்கிற வேலைக்கு எங்களிடையே இன்னும் ஒரு பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ‘சப்போர்ட் வேர்க்கர்’ என்பார்கள். உம்மாமார் “பிள்ளயப் பாக்க வார தம்பி” என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு வயது 41. தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது. வேலையின் பாதிச் சிக்கல் இந்தப் ‘பிள்ளை’ என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

ஓட்டிசம் என்றதும் எல்லோருக்கும் சிறுவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் முதலாவதாக வரும் டொனால்ட் டிரிப்லெட் 2023இல், 89 வயதில்தான் இறந்தார். மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், தனியாக வெளிநாடுகளுக்குப் போய் வந்தார். வசதியான குடும்பம் என்பது உண்மை. ஆனாலும் அந்த ஊர் அவரை ஊர்க்காரராகவே வைத்திருந்தது. காசு இல்லாத ஊருக்கும் அது முடியாத காரியமல்ல.

எங்கள் பக்கத்தில் இன்று 30, 40 வயதில் இருப்பவர்கள் வளர்ந்தது யுத்த காலத்தில். அதன் நடுவே 2004 சுனாமி, 2006 மூதூர் இடம்பெயர்வு. அகதி முகாமில் யார் ஓட்டிசம் பார்ப்பது? ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், பாடசாலை “ஏலாது” என்றதும் வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். அந்த உம்மாமாரை நான் குறை சொல்லமாட்டேன். வேறு என்ன வழி காட்டினோம்?

முதலில் ஒரு தெளிவு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது விளங்கிக்கொள்வது, கணக்கு, நேரம், பணம் போன்றவற்றைக் கற்பதில் சிறு வயதிலிருந்தே இருக்கும் கடினம். ஓட்டிசம் வேறு. பேச்சையும் முகக்குறிப்பையும் எடுத்துக்கொள்ளும் விதம் மாறியிருக்கும். சத்தம், வெளிச்சம், தொடுகை சிலருக்கு மிகக் கூடுதலாகவும் சிலருக்கு மிகக் குறைவாகவும் படும். அன்றாட ஒழுங்கு குலைந்தால் தாங்காது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இரண்டுமே பைத்தியம் அல்ல, ஜின்னும் அல்ல. நான் போகும் ஒருவர் பிரஷர் குக்கர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். சீனக்குடா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் ஹோர்ன் அடித்தால் சிரிப்பார். இன்னொருவர், 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகும், மிதவைப் பாதை வந்து நின்ற பழைய துறையில்தான் போய் நிற்பார். ஊருக்குப் பாலம் வந்தது. அவருக்குப் பாதை போனது.

வேலையில் நான் முதலில் கற்றது காத்திருப்பது. “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். வீட்டார் மூன்றாவது செக்கனில் “தேத்தண்ணி வேணுமா மகன், பசிக்கிதா, ரொட்டி தரவா?” என்று தொடர்ந்து கேட்பார்கள். அவருக்கு முதல் கேள்வியே இன்னும் உள்ளே போய்ச் சேர்ந்திருக்காது. ஒவ்வொரு புதுக் கேள்வியும் அவரை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். பேச்சு வராதவருக்கு இரண்டு படத்தையோ இரண்டு பொருளையோ காட்டுகிறேன். இது வைத்தியம் இல்லை, மரியாதை.

இரண்டாவது, ‘குழப்படி’ என்று நாம் சொல்வதைப் பேச்சாகக் கேட்பது. ஒரு வாலிபர் நான்கு நாளாகத் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டார். வீட்டில் ஓதுவதற்கு ஆள் தேடினார்கள். ஓதட்டும், அதில் தவறில்லை. ஆனால் எந்தக் கன்னம் என்று யாரும் பார்க்கவில்லை. இடது பக்கம் மட்டும்தான். கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கிய பின் அடி நின்றது.

வுளூவை எடுத்துக்கொள்வோம். ஷாபிஈ மத்ஹபில் வரிசையும் பர்ளு. முகம், முழங்கை வரை கைகள், தலை, கால்கள். படிப்படியாகப் பிரிக்கப்பட்ட ஒரு பாடம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. இதைக் கடைசிப் படியிலிருந்து பழக்குகிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் நான் கை பிடித்து உதவுவேன். கடைசியாக இடது காலை மட்டும் அவரே கழுவி முடிப்பார். முடித்த திருப்தி அவருக்குத்தான். அது பழகியதும் வலது கால், பிறகு தலை, இப்படிப் பின்னோக்கிப் போவோம். வரிசையும் குலையாது. ஒருவருக்கு இது எட்டு மாதம் எடுத்தது. இன்று முகம் கழுவுவது தவிர எல்லாம் அவரே செய்கிறார். முகத்தில் தண்ணீர் படுவது அவருக்கு இன்னும் கஷ்டம்.

பள்ளிவாசல்தான் கடினம். ஜும்ஆவுக்கு எடுத்த எடுப்பில் கூட்டிப்போனது என் பிழை. ஒலிபெருக்கியும் சனமும் அவரைக் கலங்கடித்தன, கத்தினார். ஒரு ஹஸ்ரத் மெதுவாக, “இவருக்குத்தான் கடமை இல்லையே தம்பி” என்றார். அவர் சொன்னது சட்டம். தெளிவு இல்லாதவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடமை நீங்குவது வேறு, இடம் நீங்குவது வேறு. இப்போது ளுஹருக்குப் போகிறோம். கடைசி ஸஃப்பில், கதவோரம், மின்விசிறி இல்லாத பக்கம்.

நாம் அதிகம் பேசாத இன்னொரு ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரழி) அறிவிப்பாக இருக்கிறது. புத்தியில் ஏதோ குறையிருந்த ஒரு பெண், தனக்கு ஒரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். எந்தத் தெருவில் பேசலாம் என்பதை அந்தப் பெண்ணே தெரிவுசெய்யட்டும் என்று விட்டு, அவருடன் போய் நின்று தேவை முடியும்வரை கேட்டார்கள். வீட்டாரைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. சொத்தைக் கையாள முடியாதவர்களைப் பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனமும், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுப்பதோடு நல்ல பேச்சையும் சேர்த்தே கட்டளையிடுகிறது. உணவும் உடையும் நம் வீடுகளில் குறைவில்லை.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்றோம்; அதன் 12ஆம் உறுப்புரை, முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்காமல் அதற்கு உதவி கொடு என்கிறது. மாதக் கொடுப்பனவு 2024இல் 7,500 ரூபாவானது. விண்ணப்பிக்காதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாதது ஆள். முக்கியமாகப் பெண்கள். நான் ஆண்களுக்குத்தான் போகமுடியும். எங்கள் பெண்பிள்ளைகளுக்குத் துணையிருக்கப் பழகிய பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலும் இல்லை. அவர்கள் இன்னும் பின் அறையில்தான்.

எந்த வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்விதான். “நான் மவுத்தாப் போனா இவன ஆரு பாப்பா?” பதில் என்னிடம் இல்லை. அதனால் ஒரு கொப்பி வாங்கிப் போகிறேன். அவர் எப்படிப் படுப்பார், எதற்குப் பயப்படுவார், வலித்தால் எப்படிக் காட்டுவார், எந்த மீனை முள் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று உம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ராத்தா வீட்டுக்குப் போனாலும், நாளை வேறு யார் வந்தாலும், அந்தக் கொப்பி கூடப் போகும். 41 வயதுக்காரரின் கொப்பியில் உடுப்புப் பக்கத்துக்கு வந்தோம்.

“நீலம் எண்டு எழுதுங்க தம்பி. பெருநாளைக்கெல்லாம் நீலச் சட்டதான். அவனுக்கு அதுதான் விருப்பம்.”

எழுதினேன். பிறகு, அவரும் பக்கத்தில்தானே இருக்கிறார் என்று, கொடியில் கிடந்த நீலச் சட்டையையும் வாப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையையும் எடுத்து அவர் முன் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். உம்மா வாய் திறக்கப் போனார். கையைக் காட்டி நிறுத்தினேன். பத்தைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வெள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப இவ்வளவு காலமும்…” என்றார்.

நீலத்தை வெட்டிவிட்டு வெள்ளை என்று எழுதினேன்.