வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது?

மாலை ஐந்தரை மணி. பட்டாசு ஆபீஸ் (ஆலை) விட்டு, ஆட்களை ஏற்றிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் நேரம். நீங்கள் சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்திலிருந்து பைக்கில் வருகிறீர்கள். முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கிய லாரி ஒன்று. அதன் முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருக்கிறது. இரு பக்கமும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதால் எதிரே வருவது தெரியவில்லை. ஹாரனை அழுத்துகிறீர்கள். லாரிக்காரர் கையை வெளியே நீட்டி, போகலாம் என்று காட்டுகிறார். போகிறீர்கள்.

அந்தச் சில நொடிகளில் இரண்டு வண்டிகள் பேசிக்கொண்டன. ஹாரன், இண்டிகேட்டர், ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போடுவது, ஜன்னலுக்கு வெளியே நீளும் கை, எல்லாமே வண்டிப் பேச்சுதான். ஆனால் லாரிக்காரருக்கும் வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அவர் நல்ல மனதோடு கை காட்டினாலும், தன் கண்ணுக்குப் பட்டதைத்தான் சொல்ல முடியும்.

கண்ணுக்குப் படாத வண்டியும் உங்களிடம் பேசினால் எப்படி இருக்கும்? பொறியியல் பேராசிரியர்கள் பலர் இதற்காகவே பல ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். நம் ஊர்ச் சாலைக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்போம்.

வண்டிகள் அப்படி என்ன பேசிக்கொள்ளும்? மிகச் சிறிய செய்திதான். ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தத் திசையில், இந்த வேகத்தில் போகிறேன், இப்போது பிரேக் பிடிக்கிறேன்.’ இதை வண்டியே நொடிக்குப் பத்து முறை ரேடியோ அலையாக நாலா பக்கமும் அனுப்பிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் எதையும் அழுத்த வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையில் 1.7 மீட்டர்கூட நகர்ந்திருக்காது.

‘எங்கள் பக்கம் செல்போன் டவரே சரியாக எடுக்காதே!’ டவர் தேவையில்லை. ஒரு வண்டியின் ஆன்டெனாவிலிருந்து (அலையை அனுப்பவும் வாங்கவும் உள்ள கம்பி) இன்னொரு வண்டியின் ஆன்டெனாவுக்கு நேராகவே செய்தி போகும். ரீசார்ஜ் வேண்டாம், நெட் பேக் வேண்டாம். தான் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் வண்டி செயற்கைக்கோளிடமிருந்து தெரிந்துகொள்ளும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். போல நம் நாடு உருவாக்கியதுதான் நாவிக்.

கேட்க எளிதாக இருக்கிறது. பிறகு ஏன் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்? இதற்கு விடை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். வேனில் கொடை எப்.எம். ஓடிக்கொண்டிருக்கும். வண்டி ஓரிடத்தில் நிற்கும்போது பாட்டு கரகரக்கும். கொஞ்சம் முன்னால் நகர்ந்ததும் தெளிந்துவிடும். ஏன்? வானொலி நிலையத்திலிருந்து நேராக வரும் அலையோடு, மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பிய அலைகளும் சேர்ந்தே வருகின்றன. சில இடங்களில் அவை ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். நீங்கள் நின்றது அழிந்த இடம்.

கொடை எப்.எம்மின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் சுமார் 3 மீட்டர். வண்டிப் பேச்சுக்கு உலகில் பல நாடுகள் ஒதுக்கியிருப்பது 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையை. அதன் நீளம் 5 சென்டிமீட்டர், ஏறத்தாழ நம் சிவகாசித் தீப்பெட்டியின் நீளம். எனவே வண்டி அரைத் தீப்பெட்டி தூரம் நகர்ந்தாலே தெளிவான இடத்திலிருந்து அழிந்த இடத்துக்குப் போய்விடக்கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்குதான் ஆகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரயில்வே கேட்டில் நிற்கிறீர்கள். ரயில் நெருங்கும்போது கீச்சென்று கேட்கும் ஹாரன், கடந்து போனதும் தடித்த குரலாக இறங்கிவிடும். ஓடும் வண்டியிலிருந்து வரும் ரேடியோ அலையும் இப்படித்தான் சுருதி மாறும் (இதை டாப்ளர் விளைவு என்பார்கள்). எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளும் நகர்கின்றன, நடுவே நிற்கும் லாரியின் தகரமும் அலையைத் திருப்பி அடிக்கிறது. இந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து செய்தியைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் கணக்கு வேலைக்குத்தான் சிக்னல் பிராசசிங் (குறிகைச் செயலாக்கம்) என்று பெயர்.

இந்த இடத்தில் ஒரு தமிழ்நாட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றி நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் ஆசை. ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே படைப்பயிற்சிக்குப் போய், இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். 1971 டிசம்பர் 9 அன்று, போரின்போது, நம் கடற்படையின் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 190-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நீர்மூழ்கியின் இருப்பைச் சரியான நேரத்தில் கண்டுபிடிக்கும் சோனார் (நீருக்குள் ஒலியை வைத்துத் துப்புத் துலக்கும் கருவி) நம்மிடம் தேவை என்பது அந்த இழப்பில் உறைத்தது. பின்னாளில் கொச்சியில் பால்ராஜ் தலைமையில் ‘அப்சோ’ என்ற சோனார் உருவானது.

சோனாருக்கு ஒரு காது போதாது. வரிசையாகப் பல காதுகள் வேண்டும். ஒரே ஒலி ஒவ்வொரு காதையும் சற்று முன்பின்னாக வந்து தொடும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து, ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்குப் போடலாம். இரைச்சலிலிருந்து வேண்டிய ஒலியைப் பிரிக்கவும் செய்யலாம்.

1990-களின் தொடக்கத்தில் கடற்படையிலிருந்து விலகி, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போன பால்ராஜ், அதே வேலையைக் காற்றில் வரும் ரேடியோ அலைகளில் செய்து பார்த்தார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால், பல ஆன்டெனாக்களை வைத்து இருவரையும் பிரிக்க முடியுமா? பேசுபவர்கள் தள்ளித் தள்ளி இருந்தால் முடியும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இருவரும் மிக அருகருகே இருந்தபோதும் பிரிக்க முடிந்தது. காரணம், சுற்றிலும் பட்டுச் சிதறிய அலைகள். ஒவ்வொருவருடைய அலையும் வெவ்வேறு விதமாகச் சிதறி வந்ததால் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் கிடைத்துவிட்டது.

அதுவரை எல்லோரும் தொல்லை என்று தள்ளிவைத்த எதிரொலி இங்கே உதவிக்கு வந்தது. அப்படியானால் ஒரே கருவியில் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பலாமே என்று அவர் யோசித்தார். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத்தும் அவரும் சேர்ந்து பெற்ற காப்புரிமை 1994-ல் வந்தது. அந்த வழிமுறையைத்தான் இன்று மைமோ (பல ஆன்டெனாவால் அனுப்பி, பல ஆன்டெனாவால் வாங்குவது) என்கிறோம். உங்கள் வீட்டு வைஃபையிலும், பையிலிருக்கும் 4ஜி, 5ஜி போனிலும் அது இருக்கிறது. 2014-ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

வண்டிப் பேச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அரைத் தீப்பெட்டிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கூரையில் ஓர் ஆன்டெனா அழிந்த இடத்தில் மாட்டிக்கொண்டால், கொஞ்சம் தள்ளியுள்ள இன்னொன்று தெளிவான இடத்தில் இருக்கக்கூடும். இரண்டும் கேட்டதைச் சேர்த்துக் கணக்கிட்டால் செய்தி தவறுவது வெகுவாகக் குறையும். ஓடும் வண்டியில் இந்தக் கணக்கை வேகமாகவும் மலிவாகவும் போடுவது எப்படி என்பதுதான் இத்துறைப் பேராசிரியர்களின் அன்றாட வேலை.

சரி, நம் வளைவுக்கு வருவோம். உங்கள் பைக்கும் எதிரே வரும் வேனும் தலா 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 33 மீட்டர் குறைகிறது. 300 மீட்டர் தள்ளி வரும்போதே வேனின் செய்தி உங்களுக்கு எட்டினால், ஒன்பது நொடி கையில் இருக்கிறது. முந்த நினைத்தவர் அந்த நினைப்பை விட்டுவிட்டு லாரிக்குப் பின்னாலேயே அடங்கிக்கொள்ள அது தாராளம். கருவேல மறைப்பு விலகி, வேனைக் கண்ணால் பார்க்கும்போது எத்தனை நொடி மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும்.

லாரிக்கு முன்னால் போகும் வண்டி திடீரென்று பிரேக் போட்டால்? லாரியின் பின்விளக்கு எரியும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. அந்த ஒரு நொடித் தாமதத்தில் 17 மீட்டர் போய்விடுவீர்கள். முதல் வண்டியின் செய்தியே நேராக உங்களுக்கு வந்துவிட்டால் லாரிக்காரரோடு சேர்ந்து நீங்களும் வேகத்தைக் குறைக்கலாம். பட்டாசு லோடு ஏற்றிய வண்டிகள் ஓடும் சாலையில் பின்னால் மோதுவது என்றால் என்ன என்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை எப்படி வரும்? காரில் ஒரு சத்தம், ஒரு சிவப்பு விளக்கு, அல்லது இருக்கையில் ஓர் அதிர்வு.

இதன் குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வண்டியிலும் கருவி இருந்தால்தான் பேச்சு நடக்கும். சாலையைக் கடக்கும் ஆட்டுக்கும், சைக்கிளில் வரும் பெரியவருக்கும் கருவி கிடையாது. செயற்கைக்கோள் சொல்லும் இடம் சில மீட்டர் முன்பின்னாக இருக்கலாம். எதிரே வருவது உங்கள் பக்கத்தில் வருகிறதா, அதன் பக்கத்தில் வருகிறதா என்று ஒடுங்கிய சாலையில் உறுதியாகச் சொல்ல அது போதாது. கருவேலப் புதர் அலையை முழுதாக நிறுத்தாது, ஆனால் மங்க வைக்கும்.

‘வெடிமருந்து இருக்கும் இடத்தில் ரேடியோ அலை ஆபத்தில்லையா?’ இங்கே யாருக்கும் எழும் நியாயமான சந்தேகம். வண்டிக் கருவி வெளிவிடும் சக்தி ஏறத்தாழ 0.2 வாட். கைபேசி, வைஃபை அளவுதான். காகிதக் குழாயில் திரியோடு இருக்கும் பட்டாசு பற்றுவது வெப்பத்தாலும் உராய்வாலும் அடிபடுவதாலும் நிலைமின் பொறியாலும்தான். அலையைப் பிடித்து மின்சாரமாக்க அதற்குள் கம்பி ஏதும் இல்லை. வாணவேடிக்கைகளில் பயன்படும் மின் தீமூட்டி (மின்சாரம் பாய்ந்தால் பற்றிக்கொள்ளும் திரி) அப்படியல்ல. அதன் நீண்ட ஒயர் ஆன்டெனா போலச் செயல்படக்கூடும் என்பதால், அதைக் கையாள்பவர்கள் ஒயர் முனைகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பதும் ரேடியோ கருவிகளிலிருந்து விலகி நிற்பதும் கட்டாயம். ஆபீஸுக்குள் கைபேசி கூடாது என்ற விதி இதனால் எந்த வகையிலும் தளராது. கீழே விழும் போனும், சூடேறும் பேட்டரியும், கவனம் சிதறிய கையும் தனி ஆபத்துகள்.

‘யாராவது விளையாட்டுக்குப் பொய்ச் செய்தி அனுப்பினால்?’ ஒவ்வொரு செய்தியோடும் எண்முறைக் கையெழுத்து (போலி செய்ய முடியாத கணக்கு முத்திரை) வரும். அது செல்லாவிட்டால் உங்கள் வண்டி அந்தச் செய்தியைக் கண்டுகொள்ளாது. செய்தியில் உங்கள் பெயரோ வண்டி எண்ணோ இருக்காது. தற்காலிக அடையாளமும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிவிடுவதால் பின்தொடர்வது கடினம்.

இதெல்லாம் எப்போது வரும்? அமெரிக்கா இதற்கென 1999-லேயே அலைவரிசை ஒதுக்கியது. வைஃபை தொழில்நுட்ப வழியா, செல்போன் தொழில்நுட்ப வழியா (எதுவானாலும் வண்டிக்கு வண்டி பேச டவர் வேண்டாம்) என்ற இழுபறி இருபது ஆண்டுகள் நீண்டது. 2020-ல் செல்போன் வழிக்கு மாற முடிவெடுத்து, ஒதுக்கிய இடத்தையும் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். இரண்டு வண்டிகள் வெவ்வேறு மொழி பேசினால் பயனில்லை, அதனால்தான் இந்தத் தாமதம். இன்று நம் ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிகளில் இந்தப் பேச்சு இல்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

ஆனால் ரேடியோ அலையால் இயங்கும் வண்டி வசதிகளில் சில உங்கள் கைக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. சாத்தூர் போகும் வழியில் எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் உங்கள் ஃபாஸ்டாக்கைப் படிப்பதும் ரேடியோ அலைதான். அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. சாவடியின் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. அதனால் முன்கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தால் அலை உள்ளே நுழையாமல் திணறும். அடிக்கடி ‘படிக்கவில்லை’ என்று நிறுத்துகிறார்கள் என்றால், முதலில் அந்த ஃபிலிமைப் பாருங்கள்.

அடுத்தது, பஸ்ஸிலும் வாடகை வண்டியிலும் இருக்கும் சிவப்பு அவசரப் பொத்தான். 2019 முதல் புதிதாகப் பதிவாகும் இத்தகைய வண்டிகளில், இருப்பிடம் காட்டும் கருவியும் இந்தப் பொத்தானும் விதிப்படி வேண்டும். நீங்கள் தினமும் போகும் வண்டியில் அது எங்கே இருக்கிறது, வேலை செய்கிறதா என்று ஓட்டுநரிடம் ஒருநாள் கேட்டுவிடுங்கள். பொத்தான் இல்லாத வண்டி என்றால் 112 என்ற அவசர உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.

கடைசியாக, ‘என் மகளுக்கு இதில் ஆர்வம் இருக்கிறது, படிக்கலாமா?’ தாராளமாக. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். விருதுநகர் – சிவகாசி சாலையிலேயே 1984-ல் தொடங்கிய மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பள்ளியில் அணிகளையும் முக்கோணவியலையும் ஒதுக்காமல் படிக்கச் சொல்லுங்கள். பால்ராஜ் போட்ட கணக்குகளுக்கு அவைதான் அடிப்படை.

அதற்கு முன் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கையடக்க ரேடியோவில் கொடை எப்.எம். வைத்து, சிக்னல் சுமாராக எடுக்கும் இடத்தில், பெரிய சுவரை நோக்கி மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். பாட்டு மங்கும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு போடட்டும். பிறகு டேப் வைத்து அளக்கட்டும். கோடுகள் ஏறத்தாழ ஐந்தடிக்கு ஒன்றாக விழுந்திருந்தால், அவள் அளந்தது அந்த மூன்று மீட்டர் அலையின் பாதியை.