மீண்டும் வண்டி ஓட்டலாமா, டாக்டர்?

எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர், தாங்கள் எப்போது நடக்கலாம் என்று முதலில் கேட்பார்கள். நடக்கத் தொடங்கியதும் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “மீண்டும் வண்டி ஓட்டலாமா, டாக்டர்?” கேட்பவரின் முகத்தில் ஆவல் தெரியும். அருகில் நிற்கும் மனைவியின் முகத்திலோ தாயின் முகத்திலோ அச்சம் தெரியும். அந்த இருவருக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஆம்பூரிலிருந்து ஒரு தந்தையும் மகனும் ஒரே நாளில் எங்களிடம் வந்தனர். மகனுக்கு முப்பத்து நான்கு வயது. காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவின் மேற்பார்வையாளர். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் குறுக்கே ஓடிய நாயைத் தவிர்க்கப் பின் பிரேக்கை அழுத்தமாக மிதித்தார். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது. வலக்கால் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்தது. தந்தை, தோல் பதனிடும் ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். அவருடைய வலப் பாதத்தில் ஆறாத தீப்புண் ஒன்று இருந்தது.

விபத்துக்கு முன்பே மகன், நெடும்பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு முன்பணம் செலுத்தியிருந்தார். மூன்றாண்டுச் சேமிப்பு அது. பணத்தைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். “புது வண்டியில் இருக்கும் வசதிகள் அன்று என் வண்டியில் இருந்திருந்தால் விழுந்தே இருக்க மாட்டேன்” என்பது மகனின் வாதம். “வசதி கூடக் கூட ஓட்டுகிறவனின் கவனம் குறையும்” என்பது தந்தையின் மறுமொழி. காத்திருப்போர் கூடத்தில் இருந்த மற்ற நோயாளிகளும் இப்பேச்சில் கலந்துகொண்டனர். அவர்கள் கூறிய கருத்துகளையும், அவை பற்றி மருத்துவர்களாகிய எங்கள் எண்ணத்தையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

தந்தை ஓட்டுவது பழைய புல்லட். 1955இல் சென்னையில் தொடங்கிய அந்த வண்டியின் உற்பத்தி இன்றும் தமிழ்நாட்டிலேயே தொடர்கிறது. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்தி, கிக்கரை உதைத்துக் கிளப்பும் முறை அவருக்கு இன்னும் கைவந்த கலை. “வழியில் நின்றுவிட்டால் ஒரு ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். இன்றைய வண்டி நின்றால் கம்ப்யூட்டர் கொண்டுவர வேண்டும்” என்றார். பள்ளிகொண்டாவிலிருந்து வந்திருந்த மற்றொரு முதியவரும் அதை ஆமோதித்தார்.

அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் கிக்கர் திருப்பி உதைத்ததால் கணுக்காலும் முழங்காலும் காயமுற்றவர்களையும், நெடுநேர அதிர்வால் கைவிரல்கள் மரத்துப்போனவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். செல்ஃப் ஸ்டார்ட்டரும், எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் பேலன்சர் தண்டும் ஓட்டுபவரின் உடலுக்கு உண்மையான நன்மை செய்துள்ளன.

பிரேக் பற்றி

புதிய வண்டிகளைப் பற்றி இளைஞர்கள் முதலில் புகழ்வது ஏ.பி.எஸ். எனப்படும் பிரேக் அமைப்பையே. சக்கரத்தின் சுழற்சியை ஓர் உணரி கண்காணிக்கிறது. பிரேக் அழுத்தத்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் நிலை வந்தால், அவ்வழுத்தம் ஒரு வினாடிக்குள் பல முறை தளர்த்தப்பட்டு மீண்டும் கொடுக்கப்படுகிறது. இதனால் வண்டி சறுக்காமல், ஓட்டுபவரின் கட்டுப்பாட்டிலேயே நிற்கிறது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மகனின் வாதம் இவ்வகையில் சரியானதே. ஈரச் சாலையில் அவருக்கு நேர்ந்த சறுக்கலைத் தடுப்பதற்கென்றே உருவான அமைப்பு இது. ஆயினும் இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. முதலாவது, பிரேக் பிடிக்கும்போது எடை முன்புறம் சாய்வதால், வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கிடமே உள்ளது. முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சி, பின் பிரேக்கை மட்டும் நம்பும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அப்பழக்கம் மாறாவிட்டால் புதிய அமைப்பின் பயன் முழுமையாகக் கிட்டாது. இரண்டாவது, சரளைக் கற்கள் நிறைந்த பாதையில் ஏ.பி.எஸ். உள்ள வண்டி நிற்கச் சற்றுக் கூடுதல் தூரம் எடுக்கலாம். ஜவ்வாது மலைப் பக்கம் மண் பாதைகளில் செல்வோர் சிலர் பின் சக்கர ஏ.பி.எஸ்ஸை அணைத்து ஓட்டுவதற்கு இதுவே காரணம். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் அதை மீண்டும் இயக்க அவர்கள் மறக்கக் கூடாது.

எடையும் உயரமும்

நெடும்பயண வண்டிகள் குறித்து நாங்கள் கேட்ட பெரிய குறை எடையும் சீட்டின் உயரமும் ஆகும். இவ்வகை வண்டிகளுள் நன்கு அறியப்பட்ட ஹிமாலயன் 450, ஏறத்தாழ 196 கிலோ எடையுள்ளது. அதன் சீட்டை 825 மில்லிமீட்டரிலிருந்து 845 மில்லிமீட்டர் வரை மாற்றி அமைக்கலாம். நடுத்தர உயரமுள்ள ஒருவர் இத்தகைய வண்டியில் அமர்ந்தால் குதிகால் தரையில் படாது. முன்பாதத்தால் மட்டுமே ஊன்ற வேண்டியிருக்கும்.

ஓடும் வண்டியில் இந்த எடை தெரியாது. நிறுத்தும்போதும், சரிவில் திருப்பும்போதும், ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில் வேகம் குறைந்து காலை ஊன்றும்போதும்தான் தெரியும். நின்ற நிலையில் சாயும் வண்டியைக் காலால் தாங்க முயன்று கணுக்கால் முறிந்தவர்கள் உண்டு. சாயும் வண்டியை விட்டுவிட்டு விலகி நிற்பதே அறிவுடைமை. வண்டியைப் பழுது பார்ப்பது எளிது. ஏற்கெனவே முறிந்து கூடிய காலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அமரும் முறை

முதுகுவலி உள்ளவர்களுக்கு இவ்வகை வண்டிகள் ஓரளவு உகந்தவையே. உயர்ந்த ஹேண்டில்பார், மிகவும் பின்னுக்குத் தள்ளப்படாத ஃபுட்ரெஸ்ட், நீண்ட சஸ்பென்ஷன் ஆகியவை நிமிர்ந்து அமர உதவுகின்றன. பந்தய வண்டிகளைப் போல முன்னோக்கிக் குனிந்து அமரும்போது கழுத்தும் மணிக்கட்டுகளும் உடலின் பாரத்தைச் சுமக்கின்றன. இருப்பினும் எந்த இருக்கையும் அசையாமல் அமர்வதன் தீமையை நீக்கிவிடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் அருந்துங்கள். வேலூர்க் கோடையில், தாகம் தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம்.

பாதத்தைச் சுட்ட வெப்பம்

இனி தந்தையின் புண்ணுக்கு வருவோம். அவர் செருப்பு அணிந்து குடியாத்தத்தில் ஓர் உறவினர் திருமணத்துக்குப் புல்லட்டில் சென்று வந்தார். மாலையில் அவருடைய மனைவி பார்த்தபோது பாதத்தின் ஓரத்தில் கொப்புளம் இருந்தது. சைலன்சர் குழாயின் வெப்பம் நெடுநேரம் பட்டும் அவருக்கு வலி தெரியவில்லை. நீரிழிவால் பாத நரம்புகள் உணர்விழந்திருந்ததே காரணம்.

எஞ்சின் வெப்பம் காலில் படுவதாகப் புதிய வண்டி வைத்திருப்போரும் கூறுகின்றனர். உணர்வுள்ளவர் காலை விலக்கிக்கொள்வார்; உணர்விழந்தவர் விலக்க மாட்டார். எனவே நீரிழிவு உள்ளவர்கள், எந்த வண்டியானாலும், பாதத்தை முழுவதும் மூடும் காலணி அணிந்தே ஓட்ட வேண்டும். பயணம் முடிந்ததும் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க இயலாதவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் உணவைத் தவிர்த்துவிட்டு ஓட்டக் கூடாது. சட்டைப் பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

கண்முன் ஒரு திரை

வழிகாட்டும் வரைபடமும் கைப்பேசி அழைப்பும் தெரியும் வண்ணத் திரை, புதிய வண்டிகளின் மற்றொரு கவர்ச்சி. கைப்பேசியைக் கையில் எடுத்து வழி பார்ப்பதைவிட இது மேலானது. ஆனால் ஒரு கணக்கை நினைவில் கொள்ளுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் இரண்டு வினாடிகள் திரையைப் பார்த்தால், அதற்குள் வண்டி ஏறக்குறைய 44 மீட்டர் கடந்துவிடும். வழியைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்புகள் திரையில் தோன்றாதபடி நிறுத்தி வையுங்கள். இவ்விஷயத்தில் நாங்கள் தந்தையின் பக்கம்.

வண்டியோடு வராத பாதுகாப்பு

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணிவது உயிரிழப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த வல்லுநர்கள் 2008இல் கண்டறிந்தனர். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, முகத்தையும் மூடும் கவசத்தை வாங்குங்கள். கழுத்துப் பட்டையை மாட்டாமல் அணிந்த கவசம், விழும்போது தலையிலிருந்து கழன்று ஓடிவிடும். பின்னால் அமர்பவருக்கும் ஒன்று தேவை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்படும் தோலும் தைக்கப்படும் காலணிகளும் உலகின் பல நாடுகளுக்குச் செல்கின்றன. அவற்றைச் செய்து தரும் கைகளுக்குரியவர்கள் செருப்பணிந்து வண்டி ஓட்டுவதை நாள்தோறும் தேசிய நெடுஞ்சாலையில் காண்கிறோம். சாலையில் உராயும்போது தடித்த தோலாலான காலணியும் கையுறையும் தேய்ந்து நம்மைக் காக்கும். அவை இல்லையேல் தேய்வது நம் உடலின் தோல். அந்தப் புண்ணுக்குத் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்ட வேண்டி வரலாம். கணுக்காலை மூடும் காலணி, அதைத் தைக்கும் ஊரில் எவருக்கும் எட்டாத பொருள் அன்று.

எப்போது ஓட்டலாம்?

கால் எலும்பு முறிந்தவர்களுக்கு நாங்கள் பார்க்கும் அளவுகோல்கள் இவை. எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்ட வேண்டும். ஊன்றுகோலின்றி முழு எடையையும் அக்காலில் தாங்கத் தொடங்கிக் குறைந்தது ஆறு வாரங்கள் கடந்திருக்க வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் நிற்கவும், உட்கார்ந்து எழவும், பிரேக்கைத் தயங்காமல் அழுத்தவும் முடிய வேண்டும். மயக்கமூட்டும் வலி மாத்திரைகள் நின்றிருக்க வேண்டும். தலைக்காயமோ வலிப்போ ஏற்பட்டிருந்தால் மருத்துவரின் தெளிவான அனுமதியின்றி ஓட்டவே கூடாது. இவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் உடல்நிலைக்கு ஏற்றதை உங்கள் மருத்துவரே கூற முடியும்.

விபத்தைக் காண நேர்ந்தால் 108ஐ அழையுங்கள். விழுந்தவர் மூச்சு விடுகிறார் என்றால் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் இணைந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். உதவி செய்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

வேலூரில் மறுவாழ்வு மருத்துவம் வேரூன்றிய கதையும் ஒரு வாகன விபத்திலிருந்தே தொடங்குகிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, இங்கு அத்துறையை வழிநடத்தினார். இழந்ததை எண்ணி அஞ்சுவது இயல்பு. இருப்பதைக் கொண்டு கவனமாக அடுத்த அடியை வைக்க இயலும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

ஆம்பூர்க் குடும்பம் சென்ற வாரம் மீண்டும் வந்தது. தந்தையின் புண் ஆறிவிட்டது. மூடிய காலணி அணிந்திருந்தார். மகன் ஊன்றுகோலை விட்டு இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. முன்பணத்தைத் திரும்பப் பெறவில்லை. வண்டியைப் பெறும் நாளை மட்டும் தள்ளி வைத்திருக்கிறார். “அதில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்ற முடிகிறதா என்று நானும் உடன் சென்று பார்ப்பேன். அதன் பிறகே சம்மதம்” என்றார் மனைவி. மிக நல்ல நிபந்தனை என்றோம். ஓட்டுவதற்கான அனுமதியை நாங்கள் இன்னும் வழங்கவில்லை. நான்கு வாரங்கள் கழித்து அவருடைய காலை மீண்டும் சோதிப்போம்.