பச்சையாய் மாறிய பழனி மலை

கொடைக்கானலில் அந்தக் காலத்தில் பறவை பார்ப்பதென்றால் துப்பாக்கி வேண்டும். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால்தான் அது பதிவு. அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க் இங்கே சேகரித்த ஒரு சிரிப்பானுக்கு, 1869-ல் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு அவர் பெயரையே வைத்தார். பழனிச் சிரிப்பான் என்பது அதுதான்.

இன்று அதே பறவையை விடுதித் தோட்டத்திலேயே, காபி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. வேலியோரப் புதரில் பழம் கொத்தியபடி ஊரைக் கூட்டும். சிலர் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். துப்பாக்கிக்கு இது தேவலை. ஆனாலும் கூடு கட்டும் காலத்தில் பறவைக்குத் தொல்லைதான்.

இந்தப் பறவை எளிதாய்த் தென்படுவதை வைத்து மலை நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தோட்டத்தோடு ஒத்துப்போகத் தெரிந்த பறவை அது. புல்வெளிப் பறவைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நீலகிரியிலும் மூணாறு பக்கமும் வாழும் நீலகிரி நெட்டைக்காலிக்கு மண்நிறம், கோடு கோடான முதுகு. இரை தேடுவது புல்லுக்குள் நடந்து, கூடு கட்டுவதும் தரையிலேயே, புல் தூருக்கடியில். புல் போனால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

புல் போய்த்தான் இருக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் எனும் சீகை மரத்தையும், கூழுக்காகத் தைல மரத்தையும் வனத்துறை புல்வெளிகளில் நட்டுத் தள்ளியது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வின்படி, பழனி மலையில் 1973-ல் சுமார் 374 சதுர கி.மீ. இருந்த புல்வெளி 2014-ல் 124 ஆகச் சுருங்கிவிட்டது. கொடுமை என்னவென்றால், வருகிறவர்கள் கண்ணுக்கு இது அழிவாகவே தெரியாது. பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று நட்டு வளர்த்த பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வெட்டிவிட்டால் போச்சு என்கிறார்கள். சீகை லேசில் விடாது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் கிடந்து, வெயில் பட்டதும் முளைக்கும். பழைய தோப்புகளின் நிழலில் மலைக்கே உரிய சோலைக் காட்டு மரக் கன்றுகள் வேறு தலைகாட்டுகின்றன. அவற்றையும் சேர்த்தா வெட்டுவது? மிச்சமிருக்கும் புல்வெளி ஓரங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே புதிதாய் முளைக்கும் சீகைக் கன்று, இளசாக இருக்கும்போது ஈர மண்ணில் கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும்.